உராய்வு மீது ஒரு வழக்கு

விருதுநகர் மாவட்டத்தில் ஒரு கொலையாளி பல காலமாகப் பிடிபடாமல் திரிகிறான். அவன் பெயர் போலீசுக்குத் தெரியும், வருவாய்த் துறைக்குத் தெரியும், டீக்கடையில் பேப்பர் படிக்கிற எல்லாருக்கும் தெரியும். முதலிப்பட்டி, அச்சங்குளம், ராமுதேவன்பட்டி, சின்னக்காமன்பட்டி என்று எந்த ஊர்ப் பட்டாசு ஆலையில் பிணம் விழுந்தாலும் முதலில் அடிபடுவது அவன் பெயர்தான். "மருந்துக் கலவையில் ஏற்பட்ட உராய்வு காரணமாக" என்று ஒரு வரி வரும். அந்த வரியோடு விசாரணை குளித்துத் தலை துவட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடும்.

தாய் தகப்பன் இல்லை, சாதி இல்லை, கட்சி இல்லை, வங்கிக் கணக்கு இல்லை. வக்கீல் வைக்க மாட்டான், மான நஷ்ட வழக்கு போட மாட்டான். இப்படி ஒரு குற்றவாளி கிடைக்க எந்த அரசாங்கமும் கொடுத்து வைத்திருக்க வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். நியாயமாகப் பார்த்தால் அடுத்தது உராய்வுக்குத்தான் கொடுக்க வேண்டும். வேறெந்த மாவட்டத்திலும் அது இவ்வளவு பக்குவமாக விளைவதில்லை.

மாவட்டத் தலைநகர் விருதுநகர் என்றாலும் மாவட்ட முதன்மை நீதிமன்றம் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். ஆகவே கூண்டில் ஏற்றுவதென்றால் இங்கேதான் ஏற்ற வேண்டும். ஒரு நாள் ஏற்றித்தான் பார்ப்போமே. அவன் என்ன சொல்வான்?

"எசமான், நான் எங்கேயும் இருக்கிறவன். நீங்கள் தீர்ப்பு எழுதும்போது பேனா தாளில் பிடிப்பது என்னால். சாட்சி வழுக்கி விழாமல் நிற்பது என்னால். பட்டாசு ஆலைக்குள் மட்டும் நான் நுழையக் கூடாது என்று வெடிபொருள் சட்டமும் விதிகளும் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கின்றன. இரும்புக் கருவி கூடாது, பித்தளையும் மரமும்தான். நைலான் சேலை கூடாது, பருத்திதான். உள்ளே போகும்முன் தரையிறக்கிய உலோகத் தகட்டில் கை வைத்து உடம்பு மின்சாரத்தை இறக்கிவிட வேண்டும். ஒரு செட்டில், அதாவது ஒரு வேலை அறையில், நாலு பேருக்கு மேல் கூடாது. கலக்கிய மருந்தை ராத்திரி வைத்திருக்கக் கூடாது. மரத்தடியில் உட்கார்ந்து மருந்து செலுத்தக் கூடாது. இதெல்லாம் என்னைத் தடுக்கப் போட்ட வேலி. வேலியைப் பிரித்துப் போட்டு, வெற்றிலை பாக்கு வைத்து என்னை உள்ளே அழைத்தது யார்? அவர்களையும் ஒரு தடவை கூப்பிட்டுக் கேளுங்கள் எசமான்."

உராய்வு சொல்வதில் பொய் ஒன்றும் இல்லை. விறகு எரியக் காற்று வேண்டும், ஆகவே மண்ணைப் போட்டு மூடினால் அணையும். பட்டாசு மருந்து அப்படியல்ல. நைட்ரேட்டும் பெர்குளோரேட்டும் தங்களுக்குள்ளேயே ஆக்சிஜனை வைத்துக்கொண்டிருப்பவை. அலுமினியப் பொடியும் கந்தகமும் எரிவதற்குத் தயாராகப் பக்கத்திலேயே இருக்கும். மீதி வேண்டியது கடுகளவு சூடு மட்டும். சல்லடை விளிம்பில் கை கொஞ்சம் அழுந்தினால் போதும், ஈரம் பட்ட அலுமினியப் பொடி தானாகச் சூடேறினாலும் போதும். கந்தகத்தோடு குளோரேட் உப்பைச் சேர்த்தால் இன்னும் மோசம். தொட்டதற்கெல்லாம் கோபிக்கும் கலவை அது. அதனால்தான் அந்தக் கலவையை 1992 ஜனவரியிலேயே மத்திய அரசு தடை செய்தது. ஆக, உராய்வு என்பது கடைசிக் கண்ணி. அதற்கு முந்திய கண்ணிகள் ஒவ்வொன்றிலும் ஒரு கையெழுத்து இருக்கிறது. எந்த விசாரணையும் கடைசிக் கண்ணியைத் தடவிப் பார்த்துவிட்டு, சங்கிலியைப் பத்திரமாகச் சுருட்டிப் பீரோவில் வைத்துவிடுகிறது.

கையெழுத்துகளைப் பார்ப்போம். உரிமத்தில் மூன்று தினுசு. சின்ன ஆலைக்கு மாவட்ட வருவாய் அலுவலர் கொடுக்கும் டி.ஆர்.ஓ. லைசென்ஸ். அதற்கு மேலே சென்னை லைசென்ஸ். அதற்கும் மேலே நாக்பூர் லைசென்ஸ், ஏனென்றால் வெடிபொருள் கட்டுப்பாட்டுத் துறையின் தலைமையகம் அங்கே இருக்கிறது. வெம்பக்கோட்டைக் கரிசல் காட்டில் ஒரு பெண் எந்தத் தட்டில் எவ்வளவு மருந்தைச் சலிக்கலாம் என்பதைப் பல நூறு மைலுக்கு அப்பால், ஆரஞ்சுப் பழத்துக்குப் பேர்போன ஊரில் உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள். வெடித்தவுடன் இந்த மூன்று தினுசும் மூன்று திசையைக் காட்டும். நாக்பூர் என்றால் மாவட்டத்துக்குப் பொறுப்பில்லை. டி.ஆர்.ஓ. என்றால் நாக்பூருக்குப் பொறுப்பில்லை. தொழிற்சாலை ஆய்வாளரைக் கேட்டால் ஆள் பற்றாக்குறை என்பார். செத்தவர் மட்டும்தான் எந்தத் துறைக்கும் கோப்பை மாற்றிவிட முடியாமல் மாட்டிக்கொண்டவர்.

உரிமத்துக்குக் கீழே உள்குத்தகை என்று ஒரு உலகம் இருக்கிறது. உரிமம் ஒருவர் பெயரில். ஆலை இன்னொருவர் கையில். அவர் செட்டு செட்டாகப் பிரித்து நாலைந்து பேரிடம் விடுவார். அவரவருக்கு அவரவர் போர்மேன், அவரவர் ஆர்டர், அவரவர் அவசரம். கூலி செய்த எண்ணிக்கைக்கு. எண்ணிக்கைக்குக் கூலி என்றால் கை வேகமாக ஓட வேண்டும், கை வேகமாக ஓடினால் நம் குற்றவாளி வந்துவிடுவான். இந்தக் கணக்கு தெரியாத அதிகாரி ஒருவரும் மாவட்டத்தில் இல்லை. 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் செத்தபோது, ஆலை இப்படித்தான் கூறு போடப்பட்டிருந்தது என்று திடீரென்று எல்லாரும் கண்டுபிடித்தார்கள். இந்தத் திடீர் ஞானோதயம் ஒவ்வொரு வெடிப்புக்கும் மறுநாள் வருகிறது. முந்தின நாள் ஒரு தடவையாவது வந்து தொலைக்கக் கூடாதா?

2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி இன்னும் அசிங்கம். விதிமீறலுக்காக உரிமம் நிறுத்தப்பட்ட ஆலை அது. உரிமம் நின்றது, வேலை நிற்கவில்லை. நாற்பது பேர் வரை செத்தார்கள். அதில் பலர் ஆலைத் தொழிலாளிகள் அல்ல. புகையைப் பார்த்து, உள்ளே மாட்டியவர்களைத் தூக்க ஓடி வந்த அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள். உரிமத்தை நிறுத்தியவர்களின் காகிதம் அன்றைக்கு அங்கே வந்து ஒருவரையும் தூக்கவில்லை.

2023 அக்டோபர் 17, ரெங்கபாளையம். அன்று உராய்வுக்கு விடுமுறை. சரக்கு அடுக்கி வைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே சாம்பிள் வெடித்துப் பார்த்திருக்கிறார்கள் என்றது போலீஸ். பொறி உள்ளே போனது, பதின்மூன்று பேர் போனார்கள். தீபாவளிக்கு ஒரு மாதம்கூட இல்லை.

சரி, நம் நாட்டில் பற்றிக்கொள்வதைப் பற்றி ஆராய ஆளில்லையா என்றால், அப்படியும் இல்லை. ராஜபாளையத்திலிருந்து மேற்கே பார்த்தால் தெரிகிற அதே மலைத்தொடர் தெற்கே போய் முடிகிற பக்கத்தில், திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில், இஸ்ரோ ராக்கெட் எந்திரங்களைப் பற்றவைத்துச் சோதிக்கிறது. 2010 ஏப்ரல் 15 அன்று, நாமே செய்த கிரையோஜெனிக் எந்திரத்தை முதல் தடவையாகச் சுமந்துகொண்டு ஜி.எஸ்.எல்.வி.-டி3 ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது. மேலே போனதும் அந்த எந்திரம் உந்தவில்லை. ராக்கெட் கடலில் விழுந்தது. எந்திரம் பற்றவே இல்லையோ என்று முதலில் சந்தேகித்தார்கள். குழு உட்கார்ந்தது. எந்திரம் பற்றியது உண்மை என்று கண்டுபிடித்தது. எரிபொருளைத் தள்ளும் பூஸ்டர் பம்பு நிமிடத்துக்கு 34,800 சுற்று வரை ஓடியது, எந்திரம் கிளம்பிய 0.9 விநாடியில் அதன் வேகம் சரியத் தொடங்கியது, அடுத்த 0.6 விநாடியில் நின்றுபோனது என்று சில மாதத்திலேயே உலகத்துக்குச் சொன்னார்கள். திருத்தினார்கள். 2013 ஆகஸ்டில் மறுபடி ஏவப் போனபோது எரிபொருள் கசிவது தெரிந்ததும் கடைசி நேரத்தில் நிறுத்தினார்கள். வெட்கப்படவில்லை. 2014 ஜனவரி 5 அன்று ஏவினார்கள், ஜெயித்தார்கள்.

இத்தனைக்கும் விழுந்த ராக்கெட்டில் ஒரு ஈ, காக்கை சாகவில்லை. ஒன்றரை விநாடிக்குள் நடந்ததைக் கூறு கூறாகப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த தேசம் இது. "உராய்வு காரணமாக ராக்கெட் விழுந்தது" என்று இஸ்ரோ ஒரு வரி எழுதிக் கோப்பை மூடியிருந்தால் நாடாளுமன்றம் சும்மா இருந்திருக்குமா? அலுமினியப் பொடி ராக்கெட்டின் திட எரிபொருளிலும் உண்டு, பேன்சி ரகப் பட்டாசிலும் உண்டு. ஒன்று பற்றாவிட்டால் தேசிய அவமானம். இன்னொன்று பற்றினால் இரங்கல் செய்தி.

நெதர்லாந்தில் என்ஸ்கெடே என்று ஒரு ஊர். 2000 மே 13 அன்று அங்கே ஒரு பட்டாசுக் கிடங்கு வெடித்து இருபத்து மூன்று பேர் செத்தார்கள். விசாரணைக் குழு கிடங்கு முதலாளியை மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போகவில்லை. உரிமம் கொடுத்த நகராட்சியையும் மத்திய அரசையும் சேர்த்துக் குற்றம் சொன்னது. இந்த மாதிரி அறிக்கை இங்கே வந்தால் அதை எழுதியவரை எந்தக் கோட்டத்துக்கு மாற்றுவார்கள் என்பது அரசு ஊழியர் யாரைக் கேட்டாலும் தெரியும்.

உச்ச நீதிமன்றம் பட்டாசைப் பற்றிப் பேசாமலும் இல்லை. 2015இல் டெல்லியில் மூன்று கைக்குழந்தைகளின் பெயரில் அவர்கள் பெற்றோர் வழக்குப் போட்டார்கள், புகை நுரையீரலைக் கெடுக்கிறது என்று. நியாயமான வழக்கு, அந்தக் குழந்தைகள் நூறாண்டு வாழட்டும். 2018 அக்டோபர் 23இல் தீர்ப்பு வந்தது. பேரியம் கூடாது, சரவெடி கூடாது, பசுமைப் பட்டாசு மட்டும். மத்திய ஆய்வகங்கள் முனைந்து முப்பது சதவீதம் புகை குறைகிற கலவையைக் கண்டுபிடித்தன. பெட்டியில் க்யூஆர் கோடு வந்தது. நான் கேட்பது ஒன்றுதான். வெடித்தபின் வரும் புகைக்கு இத்தனை மூளை செலவானதே, வெடிக்கும்முன் அதைக் கலக்கும் கைக்கு எத்தனை மூளை செலவானது? கைக்குப் பதிலாகக் கலக்கும் எந்திரம் ஒவ்வொரு சிறு ஆலையிலும் கட்டாயம் என்று எந்தத் தேதிக்குள் ஆனது? டெல்லியின் மூச்சுக்குப் பெட்டியில் முத்திரை உண்டு. சாத்தூர்ப் பெண்ணின் கைக்கு அந்தப் பெட்டியில் இடம் இல்லை.

ஒரு காலத்தில் அந்தக் கை இன்னும் சின்னதாக இருந்தது. 1991 ஜூலையில் மீனம்பட்டியில் வெடித்தபோது முப்பத்தொன்பது பேர் செத்த செய்தியைப் பத்திரிகையில் பார்த்து உச்ச நீதிமன்றம் தானாகக் கையில் எடுத்தது. 1996 டிசம்பரில் குழந்தைத் தொழிலாளர் பற்றிய எம்.சி. மேத்தா வழக்கின் தீர்ப்பு, குழந்தையை வேலைக்கு வைத்த முதலாளி தலைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. குழந்தைகள் பள்ளிக்குப் போனார்கள், அது நடந்தது, அதை நடத்திக் காட்டியவர்களுக்குக் கும்பிடு போடலாம். அவர்களின் அம்மாமார்கள் மட்டும் அதே செட்டுக்குள்ளேயே இருந்துவிட்டார்கள். பெரியவர்கள் சாவதைத் தடுக்கும் தீர்ப்பு இன்னும் தட்டச்சாகவில்லை போலிருக்கிறது.

இதற்கு நடுவில்தான் மேடைப் பேச்சாளர்கள் வருகிறார்கள். "இளைஞர்களின் நெஞ்சில் தீயை மூட்டுவோம்", "புரட்சிக் கனலைப் பற்ற வைப்போம்" என்று ராஜபாளையம் கூட்டத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடியிலும் தொண்டை கிழியப் பேசுகிறார்கள். கலாமின் புத்தகத் தலைப்பைக் கடன் வாங்காத தலைவரே இல்லை. தலைவர் கார் ஊருக்குள் திரும்பும்போது, உச்ச நீதிமன்றம் தடை செய்த அதே சரவெடி தெரு நீளத்துக்குக் கொளுத்தப்படும். பாதுகாப்புக்கு வந்த போலீஸ்காரர் காதைப் பொத்திக்கொள்வார், கண்ணையும் சேர்த்து. யாருடைய விரல் அந்தத் திரியை முறுக்கியது என்று காருக்குள் இருப்பவர் கேட்கப் போவதில்லை. அடுத்த வாரம் அந்த விரல் கருகினால் அதே கார் வரும், வெள்ளை வேட்டியோடு, அரசு மருத்துவமனைத் தீக்காயப் பிரிவு வாசலுக்கு. கேமராவை உள்ளே விடலாமா கூடாதா என்று டாக்டரோடு கொஞ்ச நேரம் வாக்குவாதம் நடக்கும்.

இதையெல்லாம் கேட்டால் ஒரு பதில் தயாராக இருக்கிறது. "அப்போ தொழிலை மூடச் சொல்றீகளா? லட்சக்கணக்கான குடும்பம் நடுத்தெருவுக்கு வந்திரும் அண்ணாச்சி." மழையில்லாத கரிசல் பூமி. 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்து பஞ்சம் பிழைக்க வழி செய்தார்கள், அது பெரிய சாதனை, மறுக்கவில்லை. ஆனால் அந்த லட்சக்கணக்கான குடும்பத்தின் பெயரைச் சொல்லியே அந்தக் குடும்பத்தை வெடிக்க விடுவது எந்த ஊர் நியாயம்? மில்லில் விரல் போகாமல் இருக்க எந்திரத்துக்கு மூடி போடு என்றால், மில்லையே மூடச் சொல்கிறான் என்று கத்துவார்களா? நைலான் சேலைக்குப் பதில் பருத்திச் சேலை வாங்கிக் கொடு, செட்டுக்கு நாலு பேரை மட்டும் வை, உள்குத்தகையை விடாதே என்று சொன்னால் மட்டும் ஏன் ஒரு தொழிலே செத்துவிடுகிறது? நாலாவது ஆளுக்குப் பக்கத்தில் ஐந்தாவது ஆளை உட்கார வைத்தால்தான் நிற்கும் என்றால், அந்தத் தொழிலைத் தாங்கி நிற்கும் தூண் அந்த ஐந்தாவது ஆளின் எலும்புதான்.

நிவாரணம் பற்றிச் சொல்லியாக வேண்டும், அதில் மட்டும் நம் நிர்வாகம் தீயணைப்பு வண்டியை முந்தும். அச்சங்குளத்தில் செத்தவருக்கு மாநிலம் 3 லட்சம், பிரதமர் நிதி 2 லட்சம். 2025 ஜூலை 1 அன்று சின்னக்காமன்பட்டியில் செத்தவருக்கு மாநிலம் 4 லட்சம். வளர்ச்சிதான். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அச்சங்குளம் விஷயத்தில் 20 லட்சம் என்றபோது, ஒரு உயிருக்கு இவ்வளவா என்று அதிர்ந்தவர்களை நான் பார்த்தேன். அவர்கள் எல்லாருக்கும் ஆயுள் காப்பீடு அதற்கு மேல் இருந்தது.

ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் சத்திரப்பட்டி. அங்கேயும் சமுசிகாபுரத்திலும் தறிகளில் நெய்வது பேண்டேஜ் துணி. வெளிநாட்டுக்கெல்லாம் போகிற சரக்கு. ஒரே மாவட்டத்தில் கிழக்கே எரிக்கவும் மேற்கே கட்டுப் போடவும் வசதி செய்து வைத்திருக்கிற திட்டமிடல் திறமையை எந்தக் கமிஷனும் பாராட்டவில்லையே என்பது என் மனக்குறை.

அரசு முத்திரையில் இருக்கும் கோபுரம் தங்கள் ஊர்க் கோபுரம் என்று ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்குப் பெருமை. பதினோரு நிலை, ஆண்டாள் ஊர், பெருமைப்பட உரிமை உண்டு. அந்த முத்திரையின் அடியில் "வாய்மையே வெல்லும்" என்று இருக்கும். டி.ஆர்.ஓ. உரிமத்தில் அந்த முத்திரை. ஆய்வுக்கு வந்து "குறைபாடு ஏதும் இல்லை" என்று எழுதும் தாளில் அந்த முத்திரை. இரங்கல் அறிக்கையிலும், காசோலையோடு வரும் கடிதத்திலும் அதே முத்திரை. ஊர்க்காரர்கள் ஒரு மனு போட்டு, இத்தனை தாள்களில் எங்கள் கோபுரத்தைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள் என்று கேட்டால் என்ன?

மனு என்றதும் ஞாபகம் வருகிறது. 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில், கந்துவட்டிக் கொடுமையைப் பலமுறை மனுவாகக் கொடுத்தும் பலனில்லாமல், கணவன், மனைவி, இரண்டு பச்சைக் குழந்தைகள் தீக்குளித்துச் செத்தார்கள். அதிலிருந்து அரசு ஒரு பாடம் கற்றது. மனுவை எப்படிப் படிப்பது என்று அல்ல, பையை எப்படிச் சோதிப்பது என்று. இன்றைக்குத் தமிழ்நாட்டில் எந்த ஆட்சியர் அலுவலகத்துக்கும் திங்கள்கிழமை குறைதீர் நாளில் போய்ப் பாருங்கள். வாசலில் போலீஸ் நிற்கும். மஞ்சப்பையைத் திறக்கச் சொல்லும். பாட்டிலை வாங்கி மூடியைத் திருகி மூக்கருகே கொண்டு போகும்.

"என்னம்மா இது?"

"தண்ணி தாயி."

மறுபடி ஒரு முறை முகர்ந்துவிட்டுத்தான் உள்ளே விடும். நான் கிண்டல் செய்யவில்லை, அந்தச் சோதனை மிகச் சரியான சோதனை. ஒரு மாநிலம் தீப்பற்றலைத் தடுக்க மனது வைத்தால் எவ்வளவு நுணுக்கமாகத் தடுக்கும் என்பதற்கு அத்தாட்சி. ஆளைத் தடவிப் பார்க்கிறது, பையைக் கொட்டிப் பார்க்கிறது, வாசனை பிடிக்கிறது, ஒரு வாரம்கூட மறப்பதில்லை. ஆள் பற்றாக்குறை என்ற பேச்சே அங்கே இல்லை.

அந்த மூக்குகளில் பத்தை மட்டும், வாரத்தில் ஒரு நாள், விடிகாலையில் வெம்பக்கோட்டை ரோட்டுக்கும் சாத்தூர் ரோட்டுக்கும் அனுப்பி வைத்தால் போதும். வத்திராயிருப்பிலிருந்தும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தும் பெண்களை அடைத்துக்கொண்டு வரும் வேனை நிறுத்தி, எந்த ஆலை, யார் பெயரில் உரிமம், யார் கையில் குத்தகை, ஒரு செட்டுக்கு எத்தனை பேர், நேற்றைய மருந்து மிச்சம் எங்கே என்று ஐந்து கேள்வி கேட்டால் போதும். அனுப்ப மாட்டார்கள். ஆட்சியர் அலுவலக வாசலில் பிடிபடுகிறவர் அரை லிட்டர் மண்ணெண்ணெயோடு வந்த ஒரு கிழவி. ரோட்டில் நிறுத்தினால் வேன் டிரைவர் செல்போனை எடுத்து ஒரு நம்பரைப் போட்டு, "சார், அண்ணாச்சி பேசணும்கிறாக" என்று போலீஸ்காரர் கையில் கொடுத்துவிடுவான்.